பிள்ளைப்பேறு சமூகத்துக்குச் செலுத்த வேண்டிய கடனா?

கேள்வி: எனக்கு வயது 31, கணவருக்கு 34. திருமணமாகி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. இருவரும் வேலைக்குச் செல்கிறோம். ஒரு குழந்தை போதும், அதையும் சிறிது காலம் கழித்துப் பெற்றுக்கொள்ளலாம் என்று எண்ணியிருக்கிறோம். ஆனால் என் மாமனார், “உங்களைப் போலவே எல்லாரும் நினைத்தால் இன்னும் இருபது ஆண்டுகளில் நாட்டில் முதியவர்கள் மட்டுமே இருப்பார்கள், இரண்டு பிள்ளைகளாவது பெறுவது சமூகக் கடமை” என்கிறார். கணவரின் தம்பியோ, “உலகில் ஏற்கெனவே 800 கோடிப் பேர் இருக்கும்போது இன்னொரு உயிரைச் சேர்ப்பதே பொறுப்பற்ற செயல்” என்கிறார். இந்தப் பேச்சுகளால் எங்கள் இருவருக்கிடையிலும் வாக்குவாதம் வந்துவிடுகிறது. ஒரு குடும்பத்தின் முடிவு சமூகத்தை உண்மையிலேயே பாதிக்குமா? பாதிக்குமானால் அதை எண்ணித்தான் நாங்கள் முடிவெடுக்க வேண்டுமா? உடன்பிறப்பு இல்லாத பிள்ளை தன்னலத்தோடும் தனிமையோடும் வளரும் என்பதும் சரிதானா?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

வணக்கம். உங்கள் மாமனாரும் கொழுந்தனாரும் எதிரெதிராகப் பேசுவதாகத் தோன்றினாலும், இருவரும் ஒரே அடிப்படையின்மேல்தான் நிற்கிறார்கள். நீங்கள் பெறும் பிள்ளைகளின் எண்ணிக்கை நாட்டின் கணக்கிலோ உலகின் கணக்கிலோ சேரும் ஒரு தொகை என்றும், அந்தக் கணக்கை நேர்செய்யும் பொறுப்பு உங்கள் இருவருக்கும் உண்டு என்றும் இருவருமே கருதுகிறார்கள். மக்கள்தொகையியலே என் தொழில் என்பதால், முதற்கூற்றில் பாதி உண்மை இருப்பதை நான் மறுக்க முடியாது. இரண்டாவது கூற்றை என்னால் ஏற்க முடியவில்லை. காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

முதலில் மாமனாரின் கவலை. ஒரு பெண் தன் வாழ்நாளில் சராசரியாகப் பெறும் பிள்ளைகளின் எண்ணிக்கையை மொத்தக் கருவள விகிதம் என்று குறிப்பிடுகிறோம். குடிபெயர்வு ஏதுமில்லாத நிலையில் ஒரு தலைமுறை தன் அளவுக்கே அடுத்த தலைமுறையை விட்டுச்செல்ல வேண்டுமானால் இந்த விகிதம் ஏறத்தாழ 2.1 ஆக இருக்க வேண்டும். பெற்றோர் இருவருக்கு ஈடாக இரண்டு பிள்ளைகள் போதாதா என்று கேட்கலாம். 100 பெண் குழந்தைகளுக்கு ஏறக்குறைய 105 ஆண் குழந்தைகள் பிறப்பதாலும், பிறக்கும் பெண் குழந்தைகளில் சிலர் தாய்மைப் பருவத்தை எட்டும் முன்னரே இறந்துவிடுவதாலும் அந்தச் சிறு மிகை தேவைப்படுகிறது. குழந்தை இறப்பு மிகுந்த நாடுகளில் அது இன்னும் கூடும். தென் கொரியாவில் 2023 ஆம் ஆண்டு இவ்விகிதம் 0.72 ஆக இருந்தது. அதே நிலை மாறாமல் நீடிப்பதாக வைத்துக்கொண்டால், பெற்றோர் தலைமுறையில் 100 பேர் இருந்த இடத்தில் பிள்ளைகள் தலைமுறையில் ஏறத்தாழ 35 பேரும், பேரப்பிள்ளைகள் தலைமுறையில் ஏறத்தாழ 12 பேரும் இருப்பார்கள். ஆகவே உங்கள் மாமனார் அஞ்சுவது வெறும் கற்பனையை அன்று.

ஆனால் இத்தகைய எண்களைப் படிப்பதில் ஒரு கவனம் தேவை. செய்தித் தலைப்புகளில் அது பெரும்பாலும் இருப்பதில்லை. ஓராண்டின் கருவள விகிதம் எந்தப் பெண்ணின் வாழ்க்கையையும் காட்டுவதில்லை. அந்த ஆண்டில் இருபது வயதினர், முப்பது வயதினர், நாற்பது வயதினர் என ஒவ்வொரு வயதினரும் பெற்ற பிள்ளைகளின் வீதங்களைக் கூட்டி, அவை அனைத்தும் ஒரே பெண்ணின் வாழ்வில் நிகழ்ந்தால் என்ன ஆகும் என்று போடப்படும் கற்பனைக் கணக்கு அது. ஒரு தலைமுறைப் பெண்கள் முதற்குழந்தையை இருபத்தைந்து வயதிலிருந்து முப்பது வயதுக்குத் தள்ளிப்போட்டால், இடைப்பட்ட ஆண்டுகளில் அந்த விகிதம் சரிந்து காணப்படும்; அவர்கள் இறுதியில் பெறும் பிள்ளைகளின் எண்ணிக்கை அந்த அளவுக்குக் குறையாமலும் இருக்கலாம். ஜான் பாங்கார்ட்ஸ், கிரிஃபித் ஃபீனி என்னும் இரு ஆய்வாளர்கள் 1998 இல் இந்தத் தள்ளிப்போடுதலின் விளைவைப் பிரித்தறியும் வழியொன்றை முன்வைத்தார்கள். கொரியாவின் வீழ்ச்சி முழுவதையும் இது விளக்கிவிடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அங்கே திருமணமே குறைந்துவிட்டது. எனினும் “எத்தனை” என்பதைப் போலவே “எப்போது” என்பதும் சமூகத்தின் வடிவத்தைத் தீர்மானிக்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது.

இதற்கு ஜப்பான் தரும் சான்று வியப்பானது. அறுபது ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் ‘நெருப்புக் குதிரை’ ஆண்டில் பிறக்கும் பெண்கள் கணவருக்குக் கேடு விளைவிப்பார்கள் என்றொரு நம்பிக்கை அங்கே உண்டு. 1966 அத்தகைய ஆண்டு. 1965 இல் ஏறத்தாழ 18 லட்சத்து 24 ஆயிரமாக இருந்த பிறப்புகள், 1966 இல் 13 லட்சத்து 61 ஆயிரமாகக் குறைந்து, அடுத்த ஆண்டே 19 லட்சத்து 36 ஆயிரமாக உயர்ந்தன. போரும் பஞ்சமும் இல்லாத ஒரு நாட்டில், தனித்தனி வீடுகளில் எடுக்கப்பட்ட முடிவுகள் சேர்ந்து, நாட்டின் வயதுக் கட்டமைப்பில் ஓர் ஆண்டு முழுவதற்கும் ஆழமான வெட்டு ஒன்றை ஏற்படுத்திவிட்டன. அந்த ஆண்டில் பிறந்தவர்கள் செல்லுமிடமெல்லாம், அதாவது தொடக்கப் பள்ளி, கல்லூரி, வேலைச் சந்தை என எங்கும், அந்த வெட்டும் உடன் சென்றது. குடும்பத்தின் முடிவு சமூகத்தைப் பாதிக்குமா என்ற உங்கள் கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடையை என்னால் தர இயலாது. பாதிக்கும், ஐயமே இல்லை. ஆனால் லட்சக்கணக்கான வீடுகள் ஒரே காரணத்தால் ஒரே திசையில் சாயும்போதுதான் அது நிகழ்கிறது. உங்கள் ஒரு வீட்டின் முடிவு அந்தக் கணக்கில் கண்ணுக்கே தெரியாது. எனவே ஆராய வேண்டியது அவர்களைச் சாய்க்கும் காரணத்தையே.

மாமனாரின் கணக்கில் இன்னொரு பிழையும் உண்டு. ஒரு சமூகம் முதுமையடைவதற்குக் குறைந்த பிறப்பு மட்டுமே காரணம் அன்று. மனிதர் நெடுங்காலம் வாழ்வதும் ஒரு காரணமாகும். ஜப்பானில் 1950 வாக்கில் சராசரி ஆயுள் 60 வயதையொட்டி இருந்தது. இன்று அது 84 வயதை எட்டியிருக்கிறது. அங்கே 65 வயதைக் கடந்தோர் மக்கள்தொகையில் ஏறத்தாழ 29 சதவீதமாக இருப்பதில் இந்த நல்வாய்ப்புக்கும் பங்கு உண்டு. மேலும், இன்று பிறக்கும் குழந்தை உழைக்கத் தொடங்கக் குறைந்தது இருபது ஆண்டுகள் ஆகும். அதுவரை, உழைக்கும் வயதினர் தாங்க வேண்டியவர்களின் பட்டியலில் முதியோரோடு அக்குழந்தையும் சேர்ந்தே இருக்கும். ஆகையால் உங்கள் மாமனார் குறிப்பிடும் இருபது ஆண்டுகளுக்குள், நீங்கள் பெறப்போகும் இரண்டாவது பிள்ளை அவர் அஞ்சும் நிலையை மாற்றிவிடாது. அவர் இதை விரும்பிக் கேட்க மாட்டார் என்பது எனக்குத் தெரியும்.

கொழுந்தனாரின் வாதத்துக்கு விடை சுருக்கமானது. உலக மக்கள்தொகை 2022 நவம்பரில் 800 கோடியை எட்டியது உண்மை. ஆயினும் அதன் வளர்ச்சி வீதம் 1960களில் உச்சத்தை அடைந்து, அதன்பின் தொடர்ந்து இறங்கிவருகிறது. அப்போது ஒரு பெண்ணுக்கு ஐந்து பிள்ளைகள் என்றிருந்த உலகச் சராசரி இன்று 2.3க்கும் கீழே வந்துவிட்டது. எண்ணிக்கை இன்னமும் ஏறுவதற்குக் காரணம், முன்பு அதிகமாகப் பிறந்தவர்கள் இப்போது பெற்றோராகும் வயதில் இருப்பதே. ஆளுக்குக் குறைவாகப் பெற்றாலும் பெறுவோர் மிகுதி. ஐக்கிய நாடுகள் அவை 2024 இல் வெளியிட்ட கணிப்பின்படி, 2080களின் நடுவில் ஏறத்தாழ 1,030 கோடியில் இந்த ஏற்றம் நின்று, பிறகு இறங்கத் தொடங்கும். பூமியின் மீதான சுமையைத் தலைகளை எண்ணி மட்டும் அளந்துவிடவும் முடியாது. ஒரு செல்வந்த நாட்டவரின் எரிபொருள் நுகர்வு ஏழை நாட்டவர் பலரின் நுகர்வுக்குச் சமமாக இருக்கும் உலகம் இது. ஒரு குழந்தை வேண்டும் என்று விரும்பும் தம்பதி, உலகத்தைக் காப்பதற்காக அந்த விருப்பத்தைக் கைவிட வேண்டும் என்று கூற என்னிடம் எந்தச் சான்றும் இல்லை.

இனி, எண்களை விட்டுவிட்டு, குடும்பமும் பிள்ளைப்பேறும் சமூகத்தை வடிவமைப்பது எவ்வாறு என்ற கேள்விக்கு வருவோம். உங்கள் வீட்டு வாக்குவாதத்தில் இது விடுபட்டுப்போனதாகத் தெரிகிறது. எனக்கோ இதுவே தலையாயது.

மனிதக் குழந்தை மிகவும் முதிராத நிலையில் பிறக்கிறது. பிறக்கும்போது அதன் மூளை, வளர்ந்த மனிதரின் மூளையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான அளவே இருக்கும். நடக்க ஓராண்டும், தனக்கு வேண்டிய உணவைத் தானே தேடிக்கொள்ளப் பல ஆண்டுகளும் ஆகின்றன. நம் நெருங்கிய உறவினமான சிம்பன்சியில் தாய் தன் குட்டியை ஏறத்தாழ தனித்தே வளர்க்கிறது. அதனால் இரண்டு குட்டிகளுக்கிடையே ஐந்து ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி விட வேண்டியிருக்கிறது. வேட்டையாடியும் சேகரித்தும் வாழும் மனிதக் குழுக்களிலோ அந்த இடைவெளி மூன்று நான்கு ஆண்டுகளே. அதிக உதவி தேவைப்படும் குழந்தையைக் குறைந்த இடைவெளியில் பெறுவது எப்படி இயன்றது? தாய் தனித்து வளர்க்கவில்லை என்பதே விடை. தான்சானியாவின் ஹட்சா மக்களிடையே பணியாற்றிய கிறிஸ்டன் ஹாக்ஸ் முதலிய மானிடவியலாளர்கள், தாய் புதிதாகப் பிறந்த குழந்தைக்குப் பாலூட்டிக்கொண்டிருக்கும் காலத்தில் மூத்த குழந்தைகளின் உடல் வளர்ச்சி, பாட்டி தோண்டியெடுத்து வரும் கிழங்குகளைச் சார்ந்திருப்பதைக் கண்டறிந்தார்கள். பிள்ளை பெறும் வயது முடிந்த பிறகும் பெண் பல்லாண்டுகள் வாழ்வது, மனிதரையும் சில திமிங்கில இனங்களையும் தவிர்த்தால், பாலூட்டிகளில் மிக அரிது. அந்த நீண்ட ஆயுளுக்கே பேரப்பிள்ளைகளை வளர்ப்பதில் பாட்டி ஆற்றும் பங்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்பது இந்த ஆய்வாளர்களின் கருத்து. அது இன்னும் விவாதத்துக்குரியதே. ஆனால் மனிதக் குழந்தை பலர் கைகளில் வளர்வதற்கென்றே அமைந்த உயிர் என்பதில் கருத்து வேறுபாடு மிகக் குறைவு.

இதிலிருந்து பெறப்படுவது யாதெனில், பிள்ளைப்பேறு ஒருபோதும் இருவர் மட்டும் சம்பந்தப்பட்ட செயலாக இருந்ததில்லை. பெற்றவர்களுக்கு அப்பால் யார் பாலூட்டுவோருக்கு உணவளிப்பது, யார் கற்பிப்பது, யார் காப்பது என்ற கேள்விகளுக்கு ஒவ்வொரு காலத்து மனிதரும் கண்ட விடைகளே உறவுமுறை, வாரிசுரிமை, பள்ளி, ஓய்வூதியம் முதலிய ஏற்பாடுகளாக வளர்ந்தன. அந்த ஏற்பாடுகள் மாறும்போது பிள்ளைகளின் எண்ணிக்கையும் மாறுகிறது. ஆஸ்திரேலிய மக்கள்தொகையியலாளர் ஜான் கால்டுவெல் 1976 இல் எழுதிய கட்டுரை ஒன்றில் இதை எளிமையாக விளக்கினார்: செல்வம் பிள்ளைகளிடமிருந்து பெற்றோருக்குச் செல்லும் சமூகங்களில் பலரைப் பெறுவது அறிவுடைமை, அந்தப் போக்குத் திரும்பி, பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்குச் செல்வம் செல்லத் தொடங்கினால் சிலரைப் பெறுவதே அறிவுடைமை. வயலிலும் பட்டறையிலும் ஏழு வயதிலேயே கைகொடுத்த பிள்ளை, கட்டாயக் கல்வி வந்தபின் பதினெட்டு இருபது வயதுவரை செலவுக்குரியவராகிறார். அதே காலத்தில் குழந்தை இறப்பும் குறைந்துவிடுவதால், இருவர் பிழைப்பதற்காக ஐவரைப் பெற வேண்டிய தேவையும் ஒழிந்துவிடுகிறது. ஒரு சமூகம் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவும் சாவிலிருந்து காக்கவும் தொடங்கியதன் விளைவே சிறிய குடும்பம். தன்னலத்தின் பெயரால் உங்கள் தலைமுறையைக் குறைகூறுவோர் இந்த வரலாற்றை மறந்துவிடுகிறார்கள்.

திருமண வயதும் இவ்வாறே. 1965 இல் ஜான் ஹஜ்னால் என்னும் மக்கள்தொகையியலாளர், ரஷ்யாவின் புனித பீட்டர்ஸ்பர்கிலிருந்து இத்தாலியின் திரியெஸ்த் வரை ஐரோப்பாவின் குறுக்கே ஒரு கோடு வரைந்து காட்டினார். அதற்கு மேற்கே பல நூற்றாண்டுகளாகப் பெண்கள் இருபதுகளின் நடுப்பகுதியில்தான் மணம்செய்தார்கள். பத்தில் ஒருவருக்கும் மேற்பட்டோர் மணம்செய்யாமலே வாழ்ந்தார்கள். தனிக்குடித்தனம் தொடங்கப் பொருள் சேர்க்க வேண்டியிருந்ததால் இளையோர் பிறர் வீடுகளில் ஊழியம் செய்தார்கள், சேமித்தார்கள். மணவயது தள்ளிப்போன ஒன்றே கூலி உழைப்பு, சேமிப்பு, பிறப்பு வீதம் ஆகிய மூன்றையும் ஒருசேர மாற்றியது.

சிறிய குடும்பத்தின் விலையையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். இரண்டு தலைமுறைகள் தொடர்ந்து ஒற்றைப் பிள்ளையோடு நின்றுவிட்டால், மூன்றாம் தலைமுறைக் குழந்தைக்குச் சித்தப்பாவும் இல்லை, அத்தையும் இல்லை. பெரியம்மா மகளும் மாமன் மகனும் இல்லை. தாய், தந்தை, தாத்தா, பாட்டி என மேல்நோக்கி மட்டுமே உறவு நீளும். பக்கவாட்டில் யாரும் இருக்க மாட்டார்கள். வேலை போனால் கைகொடுக்கவும், நோய் வந்தால் மருத்துவமனையில் உடனிருக்கவும் பக்கவாட்டு உறவுகளே நெடுங்காலமாகப் பயன்பட்டுவந்தன. அந்த வேலையை வேறு யாராவது செய்தாக வேண்டும். அண்டை வீட்டாரோ, நண்பர்களோ, அரசோ. உங்கள் மாமனாரின் கவலையில் நான் முழுமையாக மதிக்கும் பகுதி இதுதான், அவர் அதை இப்படிச் சொல்லாவிட்டாலும்.

இப்போது கடமை என்ற சொல்லுக்கு வருகிறேன். ஒரு குழந்தை வளர்ந்து உழைத்துச் செலுத்தும் வரி, பெற்றவர்களின் ஓய்வூதியத்துக்கு மட்டும் செல்வதில்லை. பிள்ளையில்லாதவர்களின் ஓய்வூதியத்துக்கும் சேர்த்தே செல்கிறது. பயன் அனைவருக்கும் உரியது. செலவோ பெரும்பாலும் ஒரு வீட்டுக்கு, அதிலும் பெரும்பாலும் தாய்க்கு. டென்மார்க்கின் 1980 முதல் 2013 வரையிலான பதிவேடுகளைக் கொண்டு செய்யப்பட்டு 2019 இல் வெளிவந்த ஆய்வு, முதற்குழந்தைக்குப் பிறகு பெண்களின் வருவாய் ஆண்களின் வருவாயோடு ஒப்பிட நீண்டகாலத்தில் ஏறத்தாழ 20 சதவீதம் பின்தங்கிவிடுவதையும், தந்தையரின் வருவாயில் அத்தகைய மாற்றம் ஏதும் இல்லாததையும் காட்டியது. குழந்தைகள் காப்பகங்களும் விடுப்பும் தாராளமாக உள்ள நாட்டிலேயே இந்த நிலை. பயனைப் பொதுவில் வைத்துச் சுமையை ஒருவர்மேல் இறக்கும் ஏற்பாட்டைக் கடமை என்று அழைப்பது எனக்கு ஒப்புதல் இல்லை.

கடமை என்று கட்டளையிட்டுப் பார்த்த அரசுகளும் உண்டு. ருமேனியாவில் 1966 அக்டோபரில் பிறப்பித்த 770 ஆம் ஆணை, கருக்கலைப்பைப் பெரும்பாலான பெண்களுக்குத் தடைசெய்தது. ஒரே ஆண்டில் கருவள விகிதம் 1.9 இலிருந்து 3.7 ஆகத் தாவியது. பின்பு மக்கள் மறைவான வழிகளைக் கண்டுகொண்டதும் அது படிப்படியாக இறங்கியது. எஞ்சியவை, பாதுகாப்பற்ற கருக்கலைப்பால் ஐரோப்பாவிலேயே மிக உயர்ந்த அளவை எட்டிய தாய்மார் இறப்பும், 1989 இல் கம்யூனிஸ்ட் ஆட்சி வீழ்ந்தபோது காப்பகங்களில் கண்டறியப்பட்ட லட்சத்துக்கும் மேற்பட்ட கைவிடப்பட்ட குழந்தைகளும்தான். சீனா எதிர்த்திசையில் சென்றது. ஆனால் அங்கே கருவள விகிதத்தின் பெருஞ்சரிவு, ஒரு பிள்ளைக் கொள்கை வருவதற்கு முந்திய 1970களிலேயே, ஏறத்தாழ 6 இலிருந்து 3க்கும் கீழே, நிகழ்ந்துவிட்டது. 1980 முதல் 2015 வரை நீடித்த அந்தக் கொள்கையின் காலத்தில் ஆண் குழந்தையை நாடிப் பெண் கருவைக் கலைக்கும் போக்குப் பெருகி, 100 பெண் குழந்தைகளுக்கு ஏறத்தாழ 120 ஆண் குழந்தைகள் வரை பிறக்கும் நிலை வந்தது. பின்னர் இரண்டு பிள்ளைகள், 2021 முதல் மூன்று பிள்ளைகள் என்று அனுமதித்தபோது, பெறுவதற்கு மக்கள் முன்வரவில்லை; 2022 முதல் சீனாவின் மக்கள்தொகை குறைந்துவருகிறது.

ஊக்கத்தொகைகளின் பலனும் வரம்புக்குட்பட்டதே. ஹங்கேரி வரிச்சலுகைகளையும் கடன்தள்ளுபடியையும் வாரி வழங்கியது. 2011 இல் 1.23 ஆக இருந்த விகிதம் 2021 இல் 1.6 அளவுக்கு ஏறி, மீண்டும் 1.4க்கும் கீழே இறங்கிவிட்டது. 1974 இல் தந்தையருக்கும் சமமாகப் பெற்றோர் விடுப்பை வழங்கிய முதல் நாடான சுவீடனில், இன்று ஒரு குழந்தைக்கு 480 நாள் விடுப்பு உண்டு; அங்கும் 2024 இல் விகிதம் 1.43 மட்டுமே. இதனால் விடுப்பு வீண் என்று பொருளாகாது. அது பெற்றோரின் வாழ்க்கையை மேம்படுத்துகிறது. பிறப்பு வீதத்தை உயர்த்தும் கருவியாக மட்டும் அதை அளப்பதுதான் தவறு.

ஐ.நா. மக்கள்தொகை நிதியத்தின் 2025 ஆம் ஆண்டு அறிக்கைக்காக 14 நாடுகளில் மக்களிடம் கேட்கப்பட்டபோது, விரும்பிய எண்ணிக்கையில் பிள்ளைகளைப் பெறப் பொருளாதார நிலை தடையாக இருப்பதாக 39 சதவீதம் பேர் கூறினார்கள். பெறாதே என்றோ பெறு என்றோ அறிவுரை சொல்வோர் மிகுதி; விரும்பியதைப் பெற முடியாமல் நிற்போரை விசாரிப்போர் குறைவு. ஆகவே உங்கள் கேள்விக்கு என் நேரடி விடை இது: சமூகத்தை எண்ணிக் குழந்தை பெறவும் வேண்டாம், சமூகத்தை எண்ணித் தவிர்க்கவும் வேண்டாம். அந்த வாதங்களை வீட்டுக்குள் கொண்டுவந்தால், உங்கள் இருவரின் விருப்பம் என்ன என்பதை நீங்களே கேட்டுக்கொள்ள முடியாத நிலை உருவாகிவிடும். கடிதத்தை இருமுறை படித்தேன்; மாமனார் சொன்னது இருக்கிறது, கொழுந்தனார் சொன்னது இருக்கிறது, உங்கள் கணவர் சொன்னது ஒரு வரியிலும் இல்லை. “எண்ணியிருக்கிறோம்” என்ற பன்மைக்குள் அவருடைய எண்ணம் தனியாக எது, உங்களுடையது எது என்பதை, பிறர் வாதங்களை இழுக்காமல், இருவரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளுங்கள். ஒன்றே போதும் என்பது களைப்பின் முடிவா, விருப்பத்தின் முடிவா என்பதும் அப்போது தெரியவரும்.

அந்த உரையாடலில் வேலைப் பங்கீடு கட்டாயம் இடம்பெற வேண்டும். இரவில் யார் எழுவது, காய்ச்சல் வந்தால் யார் விடுப்பெடுப்பது, யாருடைய பதவி உயர்வு தள்ளிப்போவது என்பவற்றை முன்கூட்டியே பேசாத வீடுகளில் அவை எல்லாம் பேச்சின்றியே தாயின் கணக்கில் சேர்ந்துவிடுவதை என் பணியில் தொடர்ந்து பார்த்துவருகிறேன். உங்கள் மாமனாரையும் இதில் சேர்த்துக்கொள்ளலாம். இரண்டாவது பிள்ளையை வலியுறுத்துபவரிடம், “மாமா, நாங்கள் வேலைக்குச் செல்லும் நாள்களில் குழந்தையோடு நீங்கள் எத்தனை நாள் இருக்க இயலும்?” என்று மரியாதையோடு கேட்பதில் தவறேதும் இல்லை. அவர் உளமார முன்வந்தால் அது மதிப்புமிக்க உதவி. முன்வரவில்லை என்றால் எண்ணிக்கையைப் பற்றிய பேச்சு தானாகவே குறையும்.

ஒற்றைப் பிள்ளையைப் பற்றிய அச்சத்துக்கு ஆதாரம் மிகக் குறைவு. டோனி ஃபால்போ, டெனிஸ் பொலிட் ஆகிய இருவரும் 1986 இல் 115 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். குணநலனிலும் பிறரோடு பழகும் திறனிலும் ஒற்றைப் பிள்ளைகள் மற்றப் பிள்ளைகளிலிருந்து பெரிதாக வேறுபடவில்லை. கல்விச் சாதனையிலும் பெற்றோருடனான உறவிலும் அவர்கள் சற்று மேம்பட்டே இருந்தார்கள். தன்னலம், தனிமை என்பவை வளர்ப்பையும் சூழலையும் பொறுத்தவை. ஒற்றைப் பிள்ளைக்கு உண்மையான சுமை வருவது நாற்பது ஐம்பது வயதில், முதிய பெற்றோரைத் தனியொருவராகப் பார்த்துக்கொள்ள நேரும்போது. அதை எளிதாக்குவது இரண்டாவது பிள்ளை மட்டுமன்று. பெற்றோர் தம் முதுமைக்கான பணத்தையும் வசிப்பிடத்தையும் மருத்துவக் காப்பீட்டையும் முன்கூட்டியே ஒழுங்குசெய்துகொள்வது அதைவிட உறுதியான வழி. இரண்டு பிள்ளைகள் உள்ள வீடுகளிலும் முதியோர் பராமரிப்பு ஒருவர் தலையிலேயே விழுவதை நீங்களும் கண்டிருப்பீர்கள்.

கடைசியாக, “சிறிது காலம் கழித்து” என்பதைப் பற்றி. மற்ற அனைத்திலும் உங்களுக்கு அவகாசம் உண்டு. இதில் மட்டும் உடலின் கணக்கு வேறாக இருக்கிறது. பெண்ணின் கருவுறும் திறன் முப்பதுகளின் நடுப்பகுதியிலிருந்து விரைவாகக் குறையத் தொடங்குகிறது. ஆணின் வயதும் கருவுறுதலைப் பாதிக்கும். செயற்கைக் கருத்தரிப்பு முறையில் முதற்குழந்தை 1978 இல் பிறந்ததிலிருந்து மருத்துவம் வெகுதூரம் வந்திருந்தாலும், கருமுட்டையின் வயதை அது முழுவதும் ஈடுசெய்துவிடாது. உலகில் பெரியவர்களில் ஏறத்தாழ ஆறில் ஒருவர் தம் வாழ்நாளில் கருவுறாமையை எதிர்கொள்வதாக உலகச் சுகாதார நிறுவனம் 2023 இல் தெரிவித்தது. எனவே, எவ்வளவு காலம் கழித்து என்பதை ஓர் ஆண்டாகக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். முயலத் தொடங்கும்போது உங்களுக்கு 35 வயது நிறைந்திராவிட்டால் ஓராண்டு காத்திருந்து மருத்துவரைப் பார்க்கலாம். நிறைந்திருந்தால் ஆறு மாதங்களுக்கு மேல் காத்திருக்க வேண்டாம். மாதவிலக்கு ஒழுங்கற்றிருந்தாலோ வேறு குறைபாடு முன்பே தெரிந்திருந்தாலோ இப்போதே சென்றுவிடுங்கள். பரிசோதனையை உங்களிடம் மட்டும் தொடங்க விட்டுவிடாதீர்கள். விந்துப் பரிசோதனை எளிமையானது, செலவும் குறைவு. உங்கள் கணவர் அதை முதல் வருகையிலேயே செய்துகொள்ளட்டும்.